நினைவு மலரில் சேராத அத்தியாயம்

அன்பான சகலன் தவராசாவுக்கு,

நீ செத்த முப்பத்தோராம் நாள் சடங்கு நேற்று முடிந்தது. கடவுள் இல்லை என்று நாற்பது வருடம் வாதாடியவனுக்கு மூன்று ஐயர்மார் வந்தார்கள். உன் நினைவு மலரில் பதினாறு பக்கம் தேவாரம்.

"கடைசியில ரெண்டு பக்கம் மிச்சம் இருக்கு அத்தான். அந்த வெள்ளக்காரங்கட கதையில ஒண்டப் போடுங்க, அவருக்கு அதுதானே உசிர்" என்று உன் மனைவி, மேல்நாட்டுச் சிந்தனையாளர்களைப் பற்றி நீ எழுதிய கொப்பியைத் தந்தாள். ஒரு நூற்றாண்டின் சிந்தனையாளர்களுக்கு, நன்றி நவிலலுக்கு முன்னால் இரண்டு பக்கம்.

நான் தெரிந்தெடுத்தது, குடும்பச் சொத்தை உதறிவிட்டுக் கிராமத்துப் பள்ளியில் படிப்பித்த தத்துவக்காரரை. யாருக்கும் அதில் சங்கடமில்லை. எங்கள் ஊரில் அவரைப் பின்பற்றும் ஆபத்தும் இல்லை.

விட்டது அந்த யூதப் பெண்மணியை. யூதர்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பிய ஜேர்மன் அதிகாரியின் விசாரணையைப் பார்க்கப் போனவர். பேயைக் காணப் போனவர் கண்டது, கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்த ஒரு மனிதனை. கொடுமைக்கு வெறுப்புக்கூட வேண்டாம், யோசிக்காமல் இருந்தால் போதும் என்று விளங்கிக்கொண்டவர்.

அதை வாவிக்கரையில் வைத்து எனக்கு மூன்று முறை வாசித்தாய். மூன்றாம் முறை, "விளங்குதாடா?" என்று கேட்டாய்.

"ஓம் ஓம், ஜேர்மன்காரன் அப்பிடித்தான்" என்றேன்.

கொப்பியை மூடினாய். "சரி, வா, தேத்தண்ணி குடிப்பம்."

அந்த அத்தியாயத்துக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தாய். யுத்த காலத்தில் உன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள், அவனைத் தேடித்தரும்படி நான் வேலைபார்த்த அரசாங்க அலுவலகத்துக்கு நீ எழுதிய மனு. 'உரிய படிவத்தில் இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே என் கையொப்பம். நல்ல அழகான கையொப்பம்.

படிவம் என் மேசை லாச்சியில்தான் இருந்தது. ஒன்றை எடுத்து நானே நிரப்பியிருக்கலாம். மனு உன்னுடையது என்று பார்த்தேனா? அதுகூட நினைவில் இல்லை. அந்த வருடம் முழுக்க ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். நீதான் நல்ல மீன் துண்டைத் தெரிந்தெடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாய். மனுவைப் பற்றி என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

முதல் கிழமையே யாராவது தேடியிருந்தால் அவன் கிடைத்திருப்பானா? தெரியாது. காணாமல் போனவர்களின் தாய்மார் இன்றும் படங்களோடு வீதியோரம் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் இப்போது சரியான படிவம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சாகி வருமுன் கொப்பியோடும் மனுவோடும் உன் மனைவியிடம் போவேன். அந்த அத்தியாயத்தை நாலாம் முறை நான் வாசிப்பேன். 'ஜேர்மன்காரன்' என்று வரும் இடமெல்லாம் என் பெயரைச் சொல்வேன். அதனால் உனக்கும் உன் தம்பிக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் வாசிப்பேன்.

உன் வீட்டில் கை நனைத்த சகலன்,
கனகசபை
ஓய்வுபெற்ற இலிகிதர்