எல்லோருக்கும் பொது

இன்று மதியம் ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். டிஞ்சர் புட்டியைத் திறந்தேன். அந்த நெடி ஏறியதும் என் எதிரே நீ நின்றாய், சாக்பீஸ் தூள் அப்பிய கையோடு.

குமணன்சாவடியை ஒட்டிய அந்தப் பள்ளிக்கு நாம் இருவரும் ஒரே வருஷம்தான் வேலைக்கு வந்தோம். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். ஒரே கூடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் உன் நான்காம் வகுப்பு, இந்தப் பக்கம் என் இரண்டாம் வகுப்பு. நீ பாடத்தை ஓட்டமாட்டாய். ஒரு வரியை எடுத்தால் சொல் சொல்லாக நிறுத்தி, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லும்வரை விடமாட்டாய். "அர்த்தத்தை ஒப்பிக்காதீங்க, பொழங்கிப் பாருங்க" என்பாய். நான் கேலி செய்வேன்: "இப்படியே போனா பங்குனி வந்தாலும் பாடம் முடியாதுடி."

ஒருநாள் எடுத்த வரி, "ஊர்க் கிணறு எல்லோருக்கும் பொது." பொதுவானது எது என்று கேட்டாய். ஒருத்தி மழை என்றாள், ஒருத்தி அம்மன் தேர் என்றாள். சேரியிலிருந்து வரும் அஞ்சலை எழுந்தாள்.

"எல்லாருக்கும்னா எங்களுக்குமா டீச்சர்?"

தட்டிக்கு இப்பால் கரும்பலகையில் என் கை நின்றுவிட்டது. நீ தயங்கவே இல்லை. "எல்லோருக்கும்னுதானே போட்டிருக்கு? அப்போ உங்களுக்குந்தான்."

மறுநாள் காலை அவள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். அஞ்சலையின் நெற்றி பிளந்து, ரத்தம் புருவத்தில் உறைந்திருந்தது.

"இன்னா டீச்சர் சொல்லிக் குட்த்தீங்க? கெணத்தாண்ட போயி, பொது பொதுன்னு சொல்லிக்கினு கயித்தைப் புட்ச்சிருக்கா. கல்லால அட்ச்சுட்டாங்க!"

கையிலிருந்த சாக்பீஸோடு நீ நின்றுவிட்டாய். ஒரு சொல் இப்படித் திரும்பி வந்து பாயும் என்று நாம் படித்த பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லவில்லையே. நான் டிஞ்சர் போட்டேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் உன்னைக் கேட்டாள்: "புஸ்தகம் பொய்யா டீச்சர்?"

நீ அவள் மடியில் பாடத்தை விரித்தாய். "இந்த வரியில வினைச்சொல் எங்கே இருக்கு, தேடு."

விரல் வைத்துத் தேடினாள். "இல்லியே."

"ஆமா. அதை நாமதான் செய்யணும்."

சாயங்காலம் குடத்தோடு கிணற்றுக்கு நடந்தாய். அஞ்சலையும் அவள் அம்மாவும் நானும் உன் பின்னால். ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "டீச்சரம்மா, நீங்க மொண்டுகினு போங்க. அவங்க தொடக்கூடாது."

"ஊருன்னா யாரு யாருங்க?" என்று கேட்டபடியே கயிற்றை அஞ்சலையிடம் கொடுத்தாய். அவள் ஒரு குடம் இறைத்தாள். ஒருவரும் அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கிணறு நிறையக் கருவேல முள். அவள் தொட்ட தண்ணீர் தங்களுக்கு வேண்டாமென்று, தாங்கள் குடிக்கிற கிணற்றைத் தாங்களே அடைத்திருந்தார்கள். நீ கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "தாகத்தைவிடப் பெருசாடி இது?" என்றாய்.

அந்த வாரமே பள்ளி மானேஜர் உன்னை வேலையிலிருந்து நீக்கினார். வண்டியேறும்போது, "அஞ்சலை படிப்பை விட்டு நின்னுடாம பாத்துக்கோ" என்றாய். அவள் நிற்கவில்லை. நெற்றித் தழும்போடு பூந்தமல்லிக்கு நடந்துபோய் மேலே படித்தாள். போன ஊரில் அம்மை கண்டு நீ கண்ணை மூடிவிட்டாய் என்ற சேதி வந்தபோது, என்னைத் தாங்கிப் பிடித்தவளும் அவள்தான்.

இன்றும் ஒரு பிள்ளை அர்த்தம் கேட்டால், இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு இவள் எங்கே போவாளோ என்று முகத்தையே பார்க்கிறேன். பிறகு, உள்ள அர்த்தத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.