சிவம் அண்ணை கடைக்கு முன்னால் வராத கம்பம்

14 ஒக்டோபர் 2009, புதன்

மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பத்தை ஈஸ்ட் ஹாம் பகுதியில் எங்கே நடலாம் என்று கவுன்சிலுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. சிவம் அண்ணையின் பலசரக்குக் கடை வாசலைத் தெரிவு செய்தேன். போன மாதம் அவரிடமே கேட்டேன். "ஓம் தம்பி, தாராளமாய்ப் போடும்" என்று தேத்தண்ணீரும் தந்தார்.

இன்று காலைக் கூட்டத்தில் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். எதிர்ப்புக் கடிதம் வந்திருந்தது. மேலாளர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வசனமும் எனக்குத் தெரிந்ததாய் இருந்தது. வாசலில் வான் நிறுத்திச் சாமான் இறக்க இடம் வேண்டுமென்று, கம்பத்தின் பேச்சே இல்லாத தை மாதத்தில், அண்ணைக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதம் அது. பதினொரு வருடமாக அவருடைய ஆங்கிலக் கடிதமெல்லாம் என் கையால்தான். கம்பம் வேண்டாம் என்ற கடைசி வரி மட்டும் புதிது. அதில் இரண்டு எழுத்துப்பிழை.

பின்னேரம் கடைக்குப் போனேன்.

"உமக்கு முகத்துக்கு நேரே சொல்ல ஏலாமல் போச்சு தம்பி. வான் நிக்காட்டி என்ரை யாவாரம் என்னாகும்?"

"அதுக்கு என்ரை கடிதமோ அண்ணை?"

அண்ணை அரிசி மூட்டையை நகர்த்தினார். பிறகு கல்லாவுக்குக் கீழே இருந்து அரசாங்க உதவிப்பண விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மனிசியின்ரை பெனிபிட் ஃபோம். நாளைக்குக் கடைசி நாள். ஒருக்கால் நிரப்பித் தாரும்."

அதை அந்த இடத்திலேயே கிழித்திருக்க வேண்டும். அவருடைய பேனாவையே வாங்கி, பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.