பிரான்சிஸ்கா மூடி வைத்த சோறு

2016 ஜூலை 4, திங்கள்

மகன் திருச்சியிலிருந்து போன் எடுத்தான். அதே பல்லவி. "அங்க தனியா கெடந்து என்னம்மா செய்யப் போறீங்க? விசா எடுக்கலாம், வந்துடுங்க." மண்டபம் அகதி முகாமில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊர் என்று உயிரை விட்டவள் நான். இப்போது ஊர் திரும்பி, பேசாலையில் வீட்டுத்திட்டத்தில் சொந்த வீடு. பேசத்தான் ஆளில்லை. மாத முடிவில் பதில் சொல்வதாகச் சொன்னேன்.

ஜூலை 5

இன்று பேசியது: நான் வேலை செய்யும் கருவாட்டு வாடி முதலாளியோடு இரண்டு சொல். மிச்சமெல்லாம் பூனையோடு.

ஜூலை 8, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று விடியலிலிருந்து கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போட்டு இடுப்பு கழன்றுவிட்டது. திரும்பும்போது இருட்டு, கரண்டும் இல்லை. கதவு பூட்டாமல் கிடந்தது. காலையில் மறந்துவிட்டேன் போல என்று உள்ளே போனேன். மேசையில் கோப்பை நிறையச் சோறும் மீன்கறியும், மேலே மூடி. சமைத்த ஞாபகம் இல்லை. பசி யோசிக்க விட்டால்தானே? தடவித் தடவியே தின்று முடித்தேன். பாய் விரித்து, கொசுவுக்கு நுளம்பு வலையும் கட்டியிருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டு பிரான்சிஸ்கா கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அவள் வீட்டில்தான் நான். இந்தத் திட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதற்காக இப்படியா?

வந்து ஒரு வருஷம், அவளோடு தலையாட்டுவதோடு சரி. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை அக்கா. செத்த வீட்டால வரச் சுணங்கிப் போச்சு. நீங்கள் அலுத்துப் படுத்திருந்தீங்கள், எழுப்ப மனம் வரேல்ல" என்றாள். ஓடி வந்துவிட்டேன்.

ஜூலை 9

வாடியில் சொல்லித்தான் தெரியும். அவள் மகன் பெனடிக்ற் 2008இல் கடைக்கென்று போனவன், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறாளாம். பாய் விரித்து வலை கட்டுகிறாளாம். அவன் வந்தால் என்று கதவையும் பூட்டுவதில்லையாம்.

நான் என்ன செய்துவிட்டேன்? வெறும் கோப்பையைப் பார்த்திருப்பாளே. வலைக்குள் ஆள் கிடந்ததையும் – ஐயோ மாதாவே, ஒரு நிமிஷமாவது நினைச்சிருப்பாளே.

ஜூலை 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாது. விசாவைப் பார் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14

பொழுதுபடப் பிரான்சிஸ்கா வந்து கதவைத் தட்டினாள். "ஏன் அக்கா ஒளிக்கிறீங்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன்ர பிள்ளைக்கு வைச்ச சோத்தைத் திண்டிட்டனே" என்றேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஓம் அக்கா, அவன்தான் எண்டு நினைச்சன். வலையைத் தூக்கிப் பாக்கும் வரைக்கும்." பிறகு, "ஒவ்வொரு நாளும் விடிய அந்தச் சோத்தைக் காகத்துக்குத்தான் கொட்டுறனான். அண்டைக்குத்தான் ஒரு ஆள் சாப்பிட்டது. வாங்கோ, போட்டு வைச்சிட்டு வந்திருக்கிறன்."

போனேன். மேசையில் இரண்டு கோப்பைகள் மூடியிருந்தன. ஒன்று எனக்கு. மற்றதை இருவரும் தொடவில்லை.

ஜூலை 31, ஞாயிறு

மகன் போன் எடுத்தான். விசா சரி வருமாம். நான் வரவில்லை என்றேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"சோறு ஆறிப்போயிடும், பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.