இடி ஓயும்வரை காத்திருக்கப் போவதில்லை

மூலமற்றம்,
துலாம் 14, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சனோஜுக்கு அச்சன் எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் நலம், அம்மாவின் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அயர்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள், நைட் டியூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, நர்ஸுக்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. தினம் போனில் பேசுகிறவர் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். அதனால்தான் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிற பாலா ஊர்ப் பெண் ஜாய்சியின் பையில், அம்மா வறுத்த நேந்திரங்காய் வறுவலுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். வறுவலை ஒரே நாளில் தீர்த்துவிடாதே.

இந்த வருஷம் துலாம் மாதத்து மழை பிடித்த பிடியில் நிற்கிறது. காலையில் துணி காய்கிற வெயில், மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்துவிடுகிறது, அப்புறம் ஆறு மணிவரை மின்னல் வெட்டும் முழக்கமும்தான். போன செவ்வாய்க்கிழமை கிழக்கு வேலியோரத் தென்னையில் இடி விழுந்து குருத்து கருகிவிட்டது. ரப்பர் பால் எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மா தொழிலுறுதி நூறு நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு வீட்ல உட்கார்றதுக்கு முழங்கால் வலியே தேவலாம்" என்கிறாள். ஆக எல்லாம் வழக்கம்போலத்தான்.

இனி விஷயம். உன் தங்கை ஹரிதாவின் கேமிங் கம்ப்யூட்டரை வருகிற ஞாயிற்றுக்கிழமையே அசெம்பிள் செய்யப்போகிறோம். நீ சொன்ன ஜனவரியிலும் இல்லை, விஷுவுக்கு நீ லீவில் வரும்போதும் இல்லை, அம்மா சொல்கிற மாதிரி துலாம் இடி ஓய்ந்த பிறகும் இல்லை. "அச்சா, ஜனவரியில புது கிராபிக்ஸ் கார்டு வரும், பழசோட விலை பொத்துனு விழும், ரெண்டு மாசம் பொறுங்க" என்று நீ சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை, பத்து நாள் யோசித்தேன். ஆனால் சனோஜே, கரண்ட் கம்பி அறுந்தால் அறுந்த அன்றைக்கே கட்ட வேண்டும். அடுத்த வருஷம் இதைவிட நல்ல கம்பி வரும் என்று சொல்லி ஒரு ஊரை இருட்டில் வைக்க முடியாது. இது முப்பத்தொரு வருஷம் போஸ்ட்டில் ஏறினவனின் புத்தி, இனிமேல் மாறாது.

அவளுடைய டீமைப் பற்றி நீ விளையாட்டுத்தானே என்றாய். அவளுடைய பாலிடெக்னிக்கில் ஐந்து பேர் சேர்ந்த டீம் அது, டிசம்பர் முதல் வாரம் மாநிலத் தகுதிச் சுற்று. ஐந்து பேருக்கும் பயிற்சி ராத்திரி எட்டு மணிக்கு. தொடுபுழாவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அங்கேயிருந்து நம் பக்கம் வரும் கடைசி பஸ் ஏழு மணிக்கு. காலேஜ் விட்டதும் தனியாக ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறாள், டீமோடு சேர்ந்து ஒரு நாள்கூட ஆடவில்லை. நவம்பர் பத்தாம் தேதிக்குள் வீட்டில் மெஷின் இல்லையென்றால் வேறு பெண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்று டீம் கேப்டன் சொல்லிவிட்டாள். அதில் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாலு பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாள். இதை ஹரிதா என்னிடம் சொல்லவில்லை, கேப்டன் போன் செய்தபோது நான் எடுத்ததால் தெரிந்தது. நம் பெண் கேட்பதையே நிறுத்திவிட்டாள், சனோஜே. ஒரு பொருளுக்காக மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண் அவள். அவள் கேட்காமல் இருந்த பிறகு ஜனவரிவரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை இருவரும் எர்ணாகுளம் போனோம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டேன், சுவர் இன்னொரு மழை தாங்கும். அவளிடம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது, ஏழெட்டு முறை அடித்து அடித்து எழுதினது, ஒவ்வொரு தடவையும் சாமான் மலிவாகிக்கொண்டே வந்திருந்தது. கடைக்காரனிடம் நீ சொன்ன ஜனவரிக் கதையைச் சொன்னேன். "கார்டு விலை இறங்கும் சேட்டா, இல்லேங்கல. ஆனா மெமரி வாரத்துக்கு வாரம் ஏறுது. அங்க மிச்சம் புடிச்சத இங்க விட்டுட்டு நிப்பீங்க" என்றான். வியாபாரி வாய்தான், இருந்தாலும் அவன் காட்டின பழைய பில்லையும் பார்த்தேன், உண்மைதான். கார்டு மட்டும் பழையது, பெரும்பாவூரில் மூடப்போகிற ஒரு இன்டர்நெட் சென்டரில் எடுத்தோம், ஒரு மணி நேரம் ஓடவிட்டு, புறங்கையை வைத்துச் சூடு பார்த்துத்தான் வாங்கினேன். பவர் சப்ளையில் மட்டும் அவளை மிச்சம் பிடிக்க நான் விடவில்லை, அது என் துறை. கண்ணாடிப் பெட்டியும் கலர் லைட்டும் வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டதற்கு, "எங்க வீட்ல லைட் போடறதுக்கு அச்சன் இருக்காரு, சாதா டப்பா போதும்" என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் வாயில் ஒரு கிண்டல் வந்தது, எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இடியைப் பற்றி அம்மாவுக்கு இருக்கிற பயம் உனக்கும் இருக்கும். கிணற்றடியில் புதிதாக எர்த் குழி தோண்டிவிட்டேன், செம்புத் தகடு வைத்துக் கரியும் உப்பும் போட்டு நானே மூடினேன். "ஊருக்கெல்லாம் எர்த் போட்ட மனுஷனுக்கு வீட்டு ஞாபகம் ரிட்டயர் ஆனப்புறம்தான் வந்திருக்கு" என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேபிள்காரன் போஸ்ட்டிலிருந்து இழுத்துவிட்டிருந்த பழைய செம்பு இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி இழை லைன் போடச் சொல்லிவிட்டேன், அதில் மின்சாரம் ஏறாது.

அந்த ஒயரைப் பற்றி எழுதிவிட்டேன், இனி மற்றதையும் எழுதித்தான் ஆக வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆறு மாதம் முன்னால், மேட மாதத்தில், நீ அனுப்பின பணத்தில் வாங்கின முதல் கம்ப்யூட்டர் இடியில் போனது அவள் கவனக்குறைவால் இல்லை. அன்றைக்கு அவள் பரீட்சை எழுதிவிட்டுத் தலைவலியோடு வந்தாள். வானம் முழங்கத் தொடங்கியதும் பிளக்கை எடுக்க எழுந்தவளை, "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவன் நான். பிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர், எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு வேலையை முடித்த திருப்தியில் டீ குடித்தேன். கம்ப்யூட்டரின் பின்னால் குத்தியிருந்த இன்டர்நெட் ஒயரை மறந்துவிட்டேன். இடி அதன் வழியாக வந்து உள்ளே இருந்த அத்தனையையும் தின்றுவிட்டது. மறுநாள் போனில் நீ, "அவதானே எடுக்காம விட்டா" என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். போகட்டும் விடு என்று சொன்னேன். நீ போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி அரை மணி நேரம் ஏசினாய், பொறுப்பில்லாதவளுக்கு இனி ஒரு ஒயர்கூட வாங்கித் தர மாட்டேன் என்றாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில், அவள் மடியில் கார்டு, என் மடியில் மற்றதெல்லாம். மூவாற்றுபுழா தாண்டினதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு அன்னிக்குச் சாயந்தரமே தெரியும் அச்சா. ஒயர் முனை கருகியிருந்தத நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றாள். பிறகு ஏன் சேட்டனான உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இடி மின்னல்னா ஊர்ல எல்லாரும் உங்களத்தான் கூப்பிடறாங்க. சொந்த வீட்லயே ராஜப்பன் லைன்மேன் ஒயர உருவ மறந்துட்டார்னு தெரிஞ்சா அப்புறம் யார் கூப்பிடுவா? சேட்டன் ஏசறது எனக்கொன்னும் புதுசில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ பணம் அனுப்ப வேண்டாம், அதற்காக எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், கஞ்சியாவது வேளைக்குக் குடி, ஞாயிற்றுக்கிழமையாவது ஒழுங்காகத் தூங்கு. நீ போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம், அந்த அனுக்கிரகம் உன்கூட இருக்கும்.

ஞாபகமாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் முதலில் ஹரிதாவைக் கூப்பிடு, இங்கே எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடு, அதற்குப் பிறகு பயிற்சியில் இருப்பாள். ஆறு மாதமாக அவள் வாங்கிக்கொண்ட ஏச்சு எனக்குச் சேர வேண்டியது. அவளிடம் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடு, அந்த அரை மணி நேரத்தையும் நான் வாய் திறக்காமல் கேட்கிறேன்.

உன் அச்சன்,
ராஜப்பன்