செக்ரோலில் இல்லாதவர்களின் புகை

ஹாலிஎல,
18 நவம்பர் 2024

அன்பு மகள் ஷிரோமிக்கு,

அம்மாவின் முழங்கால் வலியையும் என் இருமலையும் விட்டால் ஆண்டவர் தயவில் இங்கே இருவரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீ சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே பதினைந்து நாளாக மழை, தகரம் மறுபடியும் ஒழுகுகிறது. எனக்கு வரவேண்டிய ஆசிரியர் நியமனத்தை ஆளைப் பிடித்து வாங்கிக்கொண்ட உன் மாமா றொனி, ஞாயிறன்று கோயில் வாசலில், என்ன மச்சான் ஒடம்பு எப்படி என்று கேட்டார். இருபத்தாறு வருடம் கழித்து உடம்பைக் கேட்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன், அம்மாவுக்கு என்மேல் கோபம்.

இப்போது என் தலையில் விழுந்திருப்பதைச் சொல்கிறேன். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி, தோட்டம் விடும் புகைக்குக் கணக்குக் கேட்டதாம். ஆங்கிலப் படிவம் நிரப்ப ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என் படிப்புக்கு அந்த வாசலில் கிடைத்த முதல் மரியாதை, போனேன். நாடுகளை ஒப்பிடும்போது மொத்தப் புகையை மட்டும் பார்த்தால் சனம் கூடிய ஏழை நாடு குற்றவாளியாகிவிடும், தலைக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும் என்று நீ போனில் விளக்கினாயே, அதன்படி தொழிலாளர் குடியிருக்கும் நம் லயங்களையும் மனேஜர் துரையின் பங்களாவையும் வகுத்தேன். தலைகளைச் செக்ரோலில் இருந்து எடுத்தேன். அந்த வேலைப் பதிவில் பெயர் உள்ளவர்தான் ஆள் என்று இங்கே பிறந்ததிலிருந்து பழகிய புத்தி. லயங்களில் அறுபத்தொரு பெயர். பிள்ளைகளுக்கும் வேலை நின்ற கிழவர்களுக்கும் எரிந்த விறகு கணக்கில் ஏறியது, அவர்கள் ஏறவில்லை. பங்களாவிலோ துரையும் மனைவியும் இரண்டே பேர், ஆனால் சமையல்காரர் முதல் காவல்காரர் வரை ஆறு பேர் அந்தப் பக்கத்தில் பதிவாகியிருந்தார்கள், அவர்கள் உறங்குவதும் சமைப்பதும் லயத்தில், பங்களாப் புகையை எட்டாக வகுத்துவிட்டேன். கடைசியில், காரும் ஜெனரேட்டரும் உள்ள பங்களா ஆளைவிட லயத்து ஆள் அதிகம் புகை விடுவதாக வந்தது. கையெழுத்தும் போட்டேன்.

போன கிழமை கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து பெண்கள் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது கங்காணி மறித்துவிட்டார். இனி அடுப்புக்கு ஒரு குச்சியும் எடுக்கக் கூடாதாம், என் அட்டவணையைத்தான் காட்டுகிறார்கள். நியமனம் கிடைக்காத என்னை இன்னும் மாஸ்டர் என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டு ரெங்கம்மா குழாயடியில் எல்லோருக்கும் முன்னால், என்னங்க மாஸ்டர், எங்க அடுப்புதான் ஒலகத்தையே சுடுதாமே, அப்ப பெக்டரி அடுப்புல என்ன சாம்பிராணியா போடுறாங்க என்று கேட்டாள். சிரித்தார்கள். அவள் கேட்டது நியாயம். பெக்டரியில் எரியும் விறகு கடலுக்கு அப்பால் குடிக்கிறவர்களின் தேநீருக்காக, அந்தப் புகையும் நம் பெயரில். காட்டை எரித்து வெள்ளைக்காரன் இங்கே தேயிலை நட்ட புகையை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. ரெங்கம்மாவின் மருமகள் நிரஞ்சலாவுக்குக் குழந்தை பிறந்து ஏழு நாள், வெந்நீர் வைக்கப் பழைய கட்டிலை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நாள் மழையில் நனைந்து வீடு வீடாக எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு பேர். புதுக் கணக்கைக் கொண்டுபோனால், அனுப்பியாகிவிட்டது, வாங்குகிறவன் கேட்டால்தான் மாற்றலாம் என்றார் துரை. அதனால் பட்டியலை இத்துடன் வைக்கிறேன். என் பிழை என்றே அந்தக் கம்பனிக்கு எழுது. பதில் வரும் என்று நம்பும் தெம்பு எனக்கில்லை, ஆனாலும் எழுது.

தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே, நிரஞ்சலாவின் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, 'பெண் குழந்தை, ஏழு நாள்' என்று எழுதியிருக்கிறேன், பெயரில்லை என்று அந்த வரியை விட்டுவிடாதே. முதலில் நான் இருநூற்றுப் பதின்மூன்று என்றுதான் கூட்டி முடித்தேன். அம்மா பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒங்க பேரு எங்கங்க என்றாள். செக்ரோலில் ஒருநாளும் இல்லாதவன், இந்த முறையும் என்னை விட்டிருந்தேன்.

214ஆம் வரியில் இருக்கும்
உன் அப்பா,
தேவதாசன்