தொந்தியாரின் நடுப் பட்டன்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், விடிந்ததும் எனக்கு அந்த நினைப்புதான். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை இன்றைக்கு எழுத மாட்டேன் என்கிறது. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் அடித்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், மெசேஜ் வந்தால் எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அதனால் காகிதத்தில் எழுதி, பத்திரிகைக்கு என் கார்ட்டூன் படத்தை அனுப்புகிற ஸ்கேனரிலேயே வைத்து உனக்கு அனுப்புகிறேன். அந்த மிஷின் பக்கம் மட்டும் அவர் வரமாட்டார், தொட்டால் ரிப்பேர் ஆகிவிடும், பழி தன்மேல் விழும் என்று பயம்.

போன புதன்கிழமை நீ கேட்டாயே, "என்னம்மா, இன்னிக்குப் படத்துல தொந்தியாருக்கு நடுப் பட்டன் போட்டிருக்கு?" என்று. அவசரத்தில் வரைந்தேன் என்று மழுப்பினேன். நீயும் சரி என்று சொல்லிவிட்டாய், ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் அப்பா சாப்பிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டாய் பார், அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எத்தனை லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்களோ, ஒருத்தரும் கேட்கவில்லை, பத்திரிகை ஆசிரியர்கூடக் கவனிக்கவில்லை. நீ கேட்டாய். கல்யாணமான புதிதில் அப்பா குனிந்து செருப்பு மாட்டும்போது நடுப் பட்டன் தெறித்துப்போய் என் டீயில் விழுந்தது, அன்றைக்குப் பிறந்தவர்தான் தொந்தியார். அன்று முதல் அவர் சட்டையில் அந்த ஒரு பட்டன் பூட்டியதே கிடையாது, மந்திரியைப் பார்க்கப் போனாலும் சரி, தூங்கினாலும் சரி. கடைக்காரர்கள்கூட அப்பாவைப் பார்த்தால் முதலில் சட்டையைத்தான் பார்ப்பார்கள், அவரும் பெருமையாக வயிற்றைத் தள்ளிக் காட்டுவார்.

பதறாமல் படி. அது அவசரத்தில் வந்த தப்பு இல்லை. அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கண் பார்த்ததைக் கை போட்டுவிட்டது. அவர் சட்டையில் இப்போது எல்லாப் பட்டனும் பூட்டுகிறது, பூட்டிய பிறகும் உள்ளே இன்னொரு ஆள் நுழைய இடம் இருக்கிறது. வயிற்றுவலி என்று போனோம், கணையத்தில் கட்டி என்றார்கள், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். மருந்து ஏறுகிறது, ஆனால் அது வலிக்குத்தான், நோய்க்கு இல்லை. போன வாரம் டாக்டர் அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "வெளியூர்ல பிள்ளைங்க இருந்தா வரச் சொல்லிடுங்க, தள்ளிப் போட வேணாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டபோது, உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றேன்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியது அவர்தான். "அவ என்னை நேர்ல பார்க்குறதில்ல, உன் படத்துலதான் பார்க்குறா. தொப்பையை இம்மி குறைச்சேன்னு வை, மூட்டையைக் கட்டிட்டு வந்து நிப்பா. புது வேலை, கெடுத்துடாதே" என்றார். வீடியோவில் பேசும்போது போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஜலதோஷம் என்று சொன்னதும் அதனால்தான். அவர் இளைக்க இளைக்க நான் தொந்தியாரைப் பருக்க வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் அந்தப் பூசணிக்காயைத்தான் தினமும் பேனாவால் வரைந்துகொண்டிருந்தேன். அந்த வளைவைப் போடும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

சிரிப்புக்கும் குறைவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது மருந்துச் சீட்டு உறையின் பின்பக்கத்தில் நான் ஆட்களை வரைகிறேன், அப்பா காதோடு காதாக எடுத்துக்கொடுக்கிறார். டோக்கன் கூப்பிடுகிறவர் எல்லார் பெயரையும் திட்டுகிற மாதிரியே கூப்பிடுவார், அவரை வரைந்து அவரிடமே கொடுத்தேன், அன்றிலிருந்து எங்கள் பெயரை மட்டும் கொஞ்சுகிறார். நம் கட்டடத்து வாட்ச்மேன் இன்னும் மாறவில்லை, படத்தில் எந்த முட்டாள் வந்தாலும் தான்தான் என்று நினைத்துக்கொள்கிறார். "நேத்து வந்தது நான்தானேம்மா, தொப்பி மட்டும் சரியா வரல" என்று குறைப்பட்டார். ஆசிரியர் நாலு மணிக்குப் போன் பண்ணி, "மேடம், இப்பல்லாம் சிரிப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே" என்கிறார். அவர் சொல்வது சரிதான்.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். எந்த ஜோக்கையும் முதலில் அப்பாவிடம்தான் காட்டுவேன். அவர் சிரித்தால் கிழித்துப் போடுவேன், "இதுல என்ன ஜோக்?" என்று முழித்தால் அனுப்பிவிடுவேன், ஒருநாளும் தப்பியதில்லை. நீகூட உன் அப்பாவின் ரசனையை நம்பி எதிர்ப்பக்கம் போனால் போதும் என்று கேலி செய்வாய். இப்போது எதைக் காட்டினாலும் சிரிக்கிறார். படத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள்ளேயே சிரிக்கிறார், என்னைச் சந்தோஷப்படுத்த. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற மனுஷனைப் பார்த்தபிறகு நான் எதை அனுப்புவது, எதைக் கிழிப்பது.

நேற்று ஒன்று வரைந்தேன். நீ போனதிலிருந்து படத்தில் தொந்தியாரின் மகள், உன்னைப் பார்த்து நான் வரைந்த வாலுப்பெண், வருவதில்லை, போனிலிருந்து அவள் குரல் மட்டும்தான் வரும் அல்லவா. நேற்று தொந்தியார் கதவைத் திறக்கிறார், வாசலில் அதே ரெட்டைச் சடையோடு, கையில் பெட்டியோடு வாலுப்பெண் நிற்கிறாள். அவ்வளவுதான், கீழே ஒரு எழுத்தும் எழுதவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுல என்ன ஜோக்?" என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை, நான்தான் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

சத்தியத்தை மீறிவிட்டேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். வேலை போனால் வேறு வேலை வரும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற மாதிரி டிக்கெட்டை இன்றைக்கே போடு, வழியில் அழுதுகொண்டே வராதே, வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு, எங்கள் இருவருக்கும் கிடைத்த சிரிப்பைவிட அதிகமாகச் சிரித்து வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அம்மா எழுதித்தான் வந்தேன் என்று சொல்லிவிடாதே, அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பார்த்துக் கிளம்பினேன் என்று சொல், நம்பிவிடுவார். உள்ளே வந்ததும் அவர் முகத்தைப் பார். சட்டையைப் பார்க்காதே. நடுப் பட்டனை நான் கழற்றிவிட்டு வைத்திருப்பேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா