சாவி கொடுக்காத வாட்ச்

சிம்மக்கல் மோட்டார்க் கடையில் உட்கார்ந்தபடியே ஒரு கடலையே கையில் கட்டியிருந்த என் ஆசை அண்ணனுக்கு,

நீ இல்லாத முதல் சித்திரையும் வந்து போய்விட்டது. அழகர் ஆற்றில் இறங்கினார். வைகையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் வாட்ச்சைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். நீ பக்கத்தில் நின்று சிரிப்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன் அண்ணே, நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

உன் வாட்ச்சைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விற்பதா, பூட்டி வைப்பதா, யாராவது கட்டுவதா என்று நீ போன பிறகு உன் வீட்டில் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் எடுக்கிறவள் நான். ஒரு பொருளின் விலை வேறு, அதை வைத்திருக்க ஆகும் செலவு வேறு என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு உன் வாட்ச்சுக்கு ஒத்துவரவில்லை.

அதை நீ கட்டிக்கொண்டு வந்து இறங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டு, இனி கடல் வேண்டாம் என்று வந்துவிட்டாய். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். சேலை வரும், செண்ட் வரும் என்று காத்திருந்தார்கள். அதெல்லாம் கொஞ்சம் வந்தது. பாக்கியெல்லாம் உன் இடது கையில் இருந்தது. கறுப்பு முகம், கனத்த ஸ்டீல் பட்டை, முகத்தைச் சுற்றித் திருப்புகிற மாதிரி ஒரு வளையம். கடலுக்கு அடியில் முத்துக் குளிக்கிறவர்கள் மாதிரி இறங்குகிறவர்களுக்காகச் செய்தது என்றாய். விலையை நீ சொன்னதும் சித்தப்பா எழுந்தே விட்டார்.

"ஒரு சோடி உழவுமாட்டு வெலடா அது! அம்புட்டுக் காசக் கையில கட்டிக்கிட்டு அலையப் போறியா?"

"மாடு கடலுக்குள்ள எறங்காது சித்தப்பா," என்றாய்.

இன்னொன்றும் சொன்னாய். "இதுக்குச் சாவியே குடுக்க வேணாம். தன்னால ஓடும்." மற்ற வாட்ச்சுக்கெல்லாம் காலையில் எழுந்ததும் திருகைப் பிடித்துச் சாவி கொடுக்கிற காலம் அது. தன்னால ஓடும் என்ற அந்த ஒரு வார்த்தையை வீடே நம்பியது. சாகாவரம் வாங்கிய வாட்ச் என்று மதினி பக்கத்து வீட்டில் பெருமை பேசினார்.

மதுரையில் கடல் ஏது? ஆனாலும் நீ அதற்கு ஒரு கடலைக் கண்டுபிடித்தாய். சிம்மக்கல்லில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர்க் கடை போட்டாய். கோச்சடைப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக் கிணற்றில், தண்ணீருக்கு அடியில் குழாய் முனையில் இருக்கிற புட்வால்வு அடைத்துக்கொண்டது. வாழை வாடுகிறது என்று தோட்டக்காரர் ஓடி வந்தார். வாழைப்பூ வாங்க நானும் உன்னோடு வந்திருந்தேன். நீ சட்டையைக் கழற்றினாய், வேட்டியை வரிந்து கட்டினாய். வாட்ச்சைக் கழற்றவில்லை.

தோட்டக்காரர் பதறிப்போனார். "அண்ணே, வாட்ச்சு! வாட்ச்சு! கழட்டிக் குடுங்கண்ணே, நான் வச்சிருக்கேன்!"

"அது என்னைய விட நல்லா நீந்தும்ணே," என்று சொல்லிவிட்டு, அந்த வளையத்தை ஒரு திருப்புத் திருப்பி, இறங்கும் நேரத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுக் குதித்தாய். உள்ளே போய்விட்டு மேலே வந்து, வாட்ச்சைப் பார்த்து, மூச்சு வாங்கி, மறுபடி போனாய். எவ்வளவு நேரம் தாங்குவாய் என்று உனக்குத் தெரியும், அதற்கு மேல் ஒரு நொடி பேராசைப்பட மாட்டாய். புட்வால்வில் சிக்கியிருந்த சாக்குத் துணியோடு நீ படியேறி வந்தபோது வாட்ச் முகத்தில் தண்ணீர் சொட்டியது, உள்ளே முள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்புட்டு அழகாக ஒரு பொருளை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. விலை கூடின எதையும் பட்டுத் துணியில் சுற்றி வைக்கிற ஊரில் நீ ஒருத்தன் மட்டும் அதை வேலைக்கு அனுப்பினாய்.

அடுத்து என் கல்யாணம். இதைச் சொன்னால் உன் மாப்பிள்ளை இன்றைக்கும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

அப்பா இல்லாத வீட்டில் நீதான் பேசி முடித்தாய். ஆனிக் கடைசியில் நிச்சயம், ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் என்று பேச்சு. எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். நீயும் கடையில் நல்ல வாட்ச்சாக ஒன்று பார்த்து வைத்திருந்தாய். தட்டு மாற்றுகிற நேரத்தில் என் மாமனார் கண் உன் மணிக்கட்டில் விழுந்தது.

"தம்பி, வாட்ச்சுன்னு பேசிருக்கோம். ஒங்க கையில கெடக்கே, அந்த மாதிரின்னா பயலுக்கு எடுப்பா இருக்கும்."

அந்த மாதிரி இன்னொன்று மதுரையில் கிடையாது என்று அவருக்கும் தெரியும். அடுப்படியில் மதினி டம்ளரை நங்கென்று வைத்தார். எனக்கோ, முடியாது என்றால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். கொடுத்துவிட்டாலோ, ஆயுசுக்கும் அந்த வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்று அதைவிடப் பயம்.

நீ முகம் மாறவில்லை. பட்டையின் கொக்கியைத் தட்டிக் கழற்றினாய். "மாப்ள, கையக் குடுங்க" என்று அவர் கையில் நீயே மாட்டிவிட்டாய்.

"ஆடி முடியிற வரைக்கும் கட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் இதுதான் வேணும்னா ஒங்களுக்கே. சத்தியமா நான் திருப்பிக் கேக்க மாட்டேன். வச்சுக்கிறதுக்கு ஆகுற செலவு மட்டும் கொஞ்சம் கூட இருக்கும், பாத்துக்கங்க."

செலவு என்றதும் எல்லோரும் எண்ணெய் போடுவது, துடைப்பது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஆடி மாதம் அவர் பட்ட பாடு கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வில்லாபுரத்தில் முதல் நாளே தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. அம்மன் கோயில் முளைப்பாரிக்கு வரி வாங்க வந்தவர்கள் இவர் கையைப் பார்த்துவிட்டுத் தொகையை ஏற்றினார்கள். கைமாற்றுக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். டவுன் பஸ்சில் கம்பியைப் பிடிக்கப் பயந்து, கூட்டத்தில் இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பிரேக் போடுகிற போதெல்லாம் அடுத்தவர் மேல் விழுந்து திட்டு வாங்கினார். பம்புசெட்டில் குளிக்கும்போது ஒற்றைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தாராம், பிரமாணம் எடுக்கிறவர் மாதிரி.

இதில் பெரிய கூத்து போட்டோ. பெண் வீட்டுக்கு அனுப்ப ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்கிற பையன்கள் எல்லாம் வந்து நின்றார்கள். "மாப்ள, ஒரு மணி நேரம் குடுடா, பூந்தொட்டி மேல கைய வச்சு ஒரு படம் எடுத்துட்டு வாரேன்." இல்லை என்று சொல்ல வாய் வராத மனுஷன். கொடுத்துவிட்டு ஸ்டுடியோ வாசலிலேயே காவல் நிற்பார். கடைசியில் நாலு படமும் ஒரே கல்யாணத் தரகர் கையில் போய்ச் சேர்ந்தது. அவர் தெருவுக்கே வந்து, "என்னப்பா, வில்லாவரம் பூராவும் மணிக்கட்டு ஒண்ணுதானா?" என்று கேட்டாராம்.

ஆடிக் கடைசியில் உன் கடைக்கு வந்தார். நானும் மதினியும் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தோம். மோட்டாருக்குப் பின்னால் நின்றிருந்த என்னை அவர் பார்க்கவில்லை.

"மச்சான், இது எனக்கு வேணாம். சாவி குடுக்குற வாட்ச்சே வாங்கிக் குடுங்க, போதும்."

"மாமா என்ன சொல்வாக?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். பேச்சு மாறுனது நாங்கதான், நீங்க இல்ல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடம்தான். நீ வாட்ச்சை வாங்கி மாட்டிக்கொண்டாய். அந்த மாதம் முழுக்க உன் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது, நீ அடிக்கடி அதைத் தடவிக்கொண்டாய். அது திரும்பி வரும் என்று தெரிந்துதான் கொடுத்தாயா? இல்லை, தங்கச்சிக்காகப் போனால் போகட்டும் என்று நினைத்தாயா? பல தடவை கேட்க நினைத்தேன். இனி யாரிடம் கேட்பது?

இப்போது நடந்ததற்கு வருகிறேன். கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. உன்னைக் குளிப்பாட்டும்போது வாட்ச்சைக் கழற்றி மதினி கையில் கொடுத்தார்கள். அவர் பீரோவில் உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். காரியமெல்லாம் ஒரு பக்கம் நடந்தது. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தால், வாட்ச் நின்றிருந்தது.

மதினி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "தன்னால ஓடும்னாரே பாப்பா! அவரு போனது தெரிஞ்சு இதுவும் போயிருச்சே! எனக்கு ரெண்டாந் தடவ தாலி அறுத்த மாதிரி இருக்கே!" ஆள் போன வீட்டில் கடிகாரம் நின்றால் ஆகாது, உடனே வெளியேற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கருமாதிக்கு வந்த ரைஸ்மில்காரர் ஒருவர், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நல்ல விலை தருகிறேன் என்றார். மதினி என்னைப் பார்த்தார். "குடுத்துரலாமா? செத்தத வச்சு எம்புட்டு நாளைக்கு அழுகுறது?"

எனக்கு விற்க மனமில்லை. நின்ற வாட்ச்சை அந்த பீரோவில் வைத்து மதினியைத் தினமும் அழவிடவும் மனமில்லை. சரி, கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது உன் மாப்பிள்ளை எழுந்து வந்து, "ஒரு நிமிசம் கொண்டாங்கக்கா" என்று வாட்ச்சை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து, தூளி ஆட்டுகிற மாதிரி மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். மதினியின் காதில் கொண்டுபோய் வைத்தார். நொடி முள் ஓடியது அண்ணே. மதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது சாகலக்கா. கை அசைஞ்சாத்தான் ஓடும். அந்த அசைவுதான் அதுக்குச் சாவி. கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுரும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கூட்டமே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த ஆடியில் களவுக்குப் பயந்து இரண்டு நாள் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தாராம். திறந்தால் நின்று கிடந்தது. கெடுத்துவிட்டோம், கல்யாணமே போச்சு என்று வேர்க்க விறுவிறுக்க உன் கடைக்கு ஓடி வந்தாராம். நீ சிரித்துவிட்டு, இப்படித்தான் ஆட்டிக் காட்டினாயாம். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன், போங்க மாப்ள" என்றாயாம். சொல்லவே இல்லையே அண்ணே! என்னிடம்கூட, மதினியிடம்கூட! அந்த ஓர் ஆடியைத் தவிர உன் கையை விட்டு அது இறங்கியதே இல்லை, அதனால் உன் வீட்டில் ஒருவரும் அது நின்று பார்த்ததில்லை. பூட்டி வைத்த ஒரே மனிதருக்குத்தான் அது தெரிந்திருந்தது. அவருடைய மானத்தைக் காப்பாற்ற நீ எங்கள் எல்லோரையும் அப்படியே நம்ப விட்டிருக்கிறாய்.

ரைஸ்மில்காரர் எழுந்து போனார். மதினி வாட்ச்சை இவரிடம் நீட்டினார். "ஐயோ, எனக்கு வேணாம். அதோட செலவு எனக்குத் தெரியும்" என்று பின்னால் போனார். கருமாதி வீட்டில் முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்டது. அப்புறம் மதினி என் கையைப் பிடித்து இழுத்து மாட்டிவிட்டார்.

டவுன் ஹால் ரோட்டு வாட்ச் கடையில், என் கைக்கு அளவாகப் பட்டையில் இரண்டு கண்ணி எடுத்துவிட்டார்கள். தண்ணீர் புகாமல் காக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது, பம்பாயிலிருந்து வர வேண்டும், கழுவி எண்ணெய் போட்டு எல்லாமாகச் சேர்த்து ஒரு சாதா வாட்ச் விலை ஆகும் என்றார்கள். இன்னும் சில வருடம் கழித்து மறுபடி ஆகுமாம். சரி என்றேன். பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பேன், வருடா வருடம் பொருளின் மதிப்பு குறைந்துகொண்டே வரும் என்று. உன் வாட்ச்சில் கீறல் விழுந்த இடமெல்லாம் ஏதோ ஒரு கிணற்றுச் சுவர். அதில் எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வலது கையில் கட்டியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதுகிற கை அதிகம் ஆடும் அல்லவா? டீச்சர் ஆம்பள வாட்ச் கட்டிருக்காங்க என்று பிள்ளைகள் கிசுகிசுக்கிறார்கள். ஆமாம், என் அண்ணன் வாட்ச் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சிம்மக்கல்லில் உன் வீட்டுக்குப் போகிறேன். மதினி வா என்று சொல்வதற்கு முன்னால் என் கையை இழுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். பிறகுதான் காபி போட எழுந்திருக்கிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணே. இந்த வாட்ச்சை நான் பூட்டி வைக்க மாட்டேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் நின்ற வாட்ச்சோடு மதினி முன்னால் போய் நிற்க மாட்டேன். கடிதம் எழுதுகிறவரைக்கும் கை ஆடிக்கொண்டிருந்தது, நன்றாக ஓடுகிறது. பேனாவை வைத்துவிட்டுப் போய் மாவாட்ட வேண்டும்.

உன் கையைத் தன் கையில் கட்டியிருக்கும்
உன் தங்கச்சி,
பாப்பா